சுவருக்குப் பின்னால் ஒரு பெட்டி

எல்.இ.டி. வால் என்றதும் எல்லாருக்கும் அதன் முன்பக்கம்தான் நினைவுக்கு வரும். எனக்குப் பின்பக்கம். கல்யாண ரிசப்ஷன், ஆடியோ லாஞ்ச், குடமுழுக்கு, கட்சி மாநாடு, கல்லூரி ஆண்டு விழா, எதுவாக இருந்தாலும் சரி. மேடையேறிய பிரபலத்தைப் பார்த்து ஊரே விசிலடித்துக்கொண்டிருக்கும்போது, மேடையோரம் கறுப்புத் துணி போர்த்திய மேசை எங்கே என்று என் கண் தேடும். அந்த மேசையில், ஃப்ளைட் கேஸுக்குள், நாலு விரல் உயரத்தில் ஓர் இரும்புப் பெட்டி உட்கார்ந்திருக்கும். முகப்பில் வரிசையாக விளக்கெரியும் பட்டன்கள், ஒரு சின்னத் திரை, பக்கத்தில் திருகுகிற குமிழ் ஒன்று. ப்ராசஸர் என்பார்கள், கன்ட்ரோலர் என்பார்கள். சுவர் முழுக்க ஓடுகிற அத்தனை படத்தையும் வெட்டி, அளந்து, பங்கு போட்டு, நேரத்துக்கு அனுப்பிவைப்பது அதுதான். என்னைக் கேட்டால் அந்த மண்டபத்தில் முதல் கைதட்டல் அதற்குத்தான் போக வேண்டும்.

திருச்சி வட்டாரத்தில் வால் போடுகிற ஒரு டீமில் கன்ட்ரோலர் பக்கம் உட்காருகிறவன் நான். சம்பளத்துக்குச் செய்கிற வேலை மேல் இவ்வளவு மோகம் ஆகாது என்று வீட்டில் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

முதலில் அந்தச் சுவர் எப்பேர்ப்பட்ட அப்பாவி என்று தெரிய வேண்டும். மண்டபங்களில் அதிகம் கேட்கும் அளவு இருபதுக்குப் பத்து அடி. அரை மீட்டருக்கு அரை மீட்டர் கேபினெட்டுகளை அகலத்தில் 12, உயரத்தில் 6 என்று கோத்தால் 72 கேபினெட். இருபதுக்குப் பத்து வந்துவிடும். பி 3.9 வகை என்றால் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் 3.9 மில்லிமீட்டர் தூரம். ஒரு கேபினெட்டில் 128க்கு 128, அதாவது 16,384 புள்ளி. மொத்தச் சுவரில் 11,79,648. ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று விளக்கு இருப்பதால் விளக்குக் கணக்கு 35,38,944. மணப்பெண்ணின் நெற்றியில் சிவப்பாக எரிகிற விளக்குக்குத் தான் பொட்டு என்று தெரியாது. பக்கத்து கேபினெட்டில் ஓடுவது புருவமா, பந்தல் பூவா என்பதும் தெரியாது. ஒவ்வொரு கேபினெட்டின் முதுகிலும் ஒரு ரிசீவிங் கார்டு இருக்கிறது. தனக்கு வந்த 16,384 புள்ளிக்கான சேதியை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்த கேபினெட்டுக்குத் தள்ளிவிடுவதோடு அதன் வேலை முடிந்தது. முழுப்படம் தெரிந்த ஆள் அந்தப் பெட்டி ஒன்றுதான்.

பெட்டியிலிருந்து சுவருக்குப் போவது ஏதோ பிரமாதமான கேபிள் என்று நினைக்காதீர்கள். வீட்டு மோடத்தில் செருகியிருக்கிறோமே, அதே கேட் சிக்ஸ். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இங்கேதான் வருகிறது. ஜிகாபிட் கேபிளில் நொடிக்கு 100 கோடி பிட் போகும். ஒரு புள்ளியின் நிறத்தைச் சொல்ல 24 பிட் வேண்டும். நொடிக்கு 60 படம். ஆக, ஒரு புள்ளிக்கு ஒரு நொடியில் 1,440 பிட். ஆறரை லட்சம் புள்ளிக்கு 93 கோடியே 60 லட்சம். கேபிள் கழுத்துவரை நிரம்பிவிட்டது. கேபிள் செருகுகிற ஒரு போர்ட்டுக்கு 6,50,000 புள்ளி என்று கையேடுகளில் போட்டிருப்பதற்குக் காரணம் இதுதான். தொழிலுக்கு வந்த புதிதில் அந்த ஆறரை லட்சத்தைக் காரணம் தெரியாமலே மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். பின்னால் ஒரு டீக்கடையில் பில்லின் பின்பக்கத்தில் பெருக்கிப் பார்த்து, விடை 100 கோடிக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றபோது பக்கத்தில் இருந்தவரை உலுக்கிச் சொன்னேன். அவர் லாரி டிரைவர். "நல்லதுப்பா" என்றார்.

இந்தக் கணக்கு தெரியாமல் வால் புக் செய்ய வருகிறவர்களோடு எங்களுக்கு ஓயாத வழக்கு. "போன வருசமும் இருபதுக்குப் பத்துதானே தம்பி போட்டீங்க, இப்ப மட்டும் ஏன் ரேட்டு ஏறுது?" என்பார்கள். போன வருஷம் பி 3.9, இந்த வருஷம் பி 2.6 கேட்டிருப்பார்கள். பார்வைக்கு அதே சுவர். ஆனால் கேபினெட்டுக்கு 192க்கு 192 என்று சுவர் முழுக்க 26,54,208 புள்ளி. ஒரு போர்ட்டில் 17 கேபினெட்டுக்கு மேல் ஏற்ற முடியாது. ரெண்டு கேபிளில் முடிந்த வேலைக்கு இப்போது ஐந்து கேபிள். நோவாஸ்டாரின் பழைய பெட்டியான வி.எக்ஸ். 4 எஸ்ஸில் போர்ட் நாலுதான், தாங்குவது 23 லட்சம்; அது கைவிரித்துவிடும். அதே கம்பெனியின் வி.எக்ஸ். 1000 வந்தாக வேண்டும். 10 போர்ட், 65 லட்சம் புள்ளி. சீனாவின் ஷிஆன் நகரத்துக் கம்பெனி அது. எங்கோ செய்த அந்தப் பெட்டி ஒரத்தநாட்டுக் கல்யாண மண்டபத்தில் சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சுவிடாமல் வேலை பார்ப்பதைப் பார்த்தால் எனக்குத் தனிப் பாசமே வந்துவிடுகிறது.

சுவரை ஏற்றிக் கட்டி, கரன்ட் கொடுத்து, முதல் தடவை சிக்னல் அனுப்புகிற நேரம் இருக்கிறதே, அதற்காகவே இந்த வேலையை விடாமல் இருக்கிறேன். மேப்பிங் போடுவதற்கு முன் சுவரில் நடப்பது ஒரே களேபரம். மாப்பிள்ளையின் காது வலது கோடியில் இருக்கும், மூக்கு கீழ் வரிசையில் இருக்கும், பெண்ணின் ஜிமிக்கி அவர் நெற்றியில் தொங்கும். கேபிள் எந்தெந்த கேபினெட் வழியாகப் போகிறது என்பதைப் பெட்டிக்குச் சொல்லித்தர வேண்டும். அது கீழிருந்து மேலே ஏறும், அடுத்த நெடுவரிசையில் மேலிருந்து கீழே இறங்கும், மறுபடி ஏறும். லேப்டாப்பில் கட்டம் கட்டமாகச் சுவர் தெரியும். கேபிள் போன வழியிலேயே மௌஸை இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

இதில் ஒரு குசும்பு உண்டு. கேபிள் மாட்டுகிற பையன் நிற்பது சுவருக்குப் பின்னால். லேப்டாப் காட்டுவதோ முன்பக்கப் பார்வை. அவனுடைய இடது கைப் பக்கம் முதலில் இருக்கிற கேபினெட், கட்டத்தில் வலது கோடியில் கிடக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், கழுத்தைத் திருப்பித் திருப்பி யோசிக்கிற புதுப் பையன்களைப் பார்க்கப் பாவமாக இருக்கும். எனக்குத் தொழில் சொல்லித்தந்த அண்ணன் அவர்களிடம் சொல்வது ஒன்றுதான்: "டேய், நீ பின்னாடி நிக்கறத மறந்துரு. மாப்ள வீட்டு ஆளா முன் வரிசையில உக்காந்து வாலைப் பாக்குற. இப்ப சொல்லு, எந்தப் பக்கம்?"

அப்படியும் குழம்பினால் மேப்பிங்கைக் காட்டு என்று பெட்டியிடம் சொல்லலாம். ஒவ்வொரு கேபினெட்டும் தன் போர்ட் நம்பரையும் கார்டு நம்பரையும் தன் மேலேயே பெரிதாக எழுதிக்கொண்டு நிற்கும். ஒன்று-நாலு, ஒன்று-ஐந்து, ரெண்டு-முப்பத்தாறு என்று 72 கேபினெட்டும் வரிசையாக ஆஜர் சொல்லும். எவன் எவனோடு இடம் மாறி உட்கார்ந்திருக்கிறான் என்று ஒரே பார்வையில் பிடிபட்டுவிடும். திருத்தி அனுப்பினால், கண் மூடித் திறப்பதற்குள் மூக்கும் காதும் ஜிமிக்கியும் பறந்துபோய் அதது இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். எத்தனை ஊரில் பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை. சில சமயம் வேண்டுமென்றே தப்பான மேப்பிங்கை ஒரு நொடி கூடுதலாக விட்டுவைத்துப் பார்ப்பேன், அந்தச் சேருகிற சுகத்துக்காக.

படம் சேர்ந்தபின் அண்ணன் சும்மா இருக்க மாட்டார். அகலக் கால் வைத்து, கண்ணைச் சுருக்கி, முழு வெள்ளைப் படம் போடச் சொல்லுவார். வெள்ளையில்தான் சுவரின் யோக்கியதை தெரியும். ரெண்டு கேபினெட் சேருகிற இடத்தில் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தால் அங்கே கறுப்புக் கோடு தெரியும். அதைச் சரிசெய்ய ஏணி ஏறித் தட்டுவதுதான் பழைய வழி. இப்போது பெட்டி வழியாகவே அந்த ஓரத்து வரிசைப் புள்ளிகளின் வெளிச்சத்தை மட்டும் ஒரு துளி கூட்டலாம். கோடு மறைந்துவிடும். இடைவெளி அங்கேயேதான் இருக்கிறது, ஆனால் பத்தடி தள்ளி நிற்கிற கண்ணுக்கு இல்லை. டி.வி. ஷோரூம்களில் நாலோ ஒன்பதோ எல்.சி.டி. திரையை ஒட்டிவைத்திருப்பார்களே, அங்கே வேறு தந்திரம். சட்டம் மறைக்கிற இடத்துக்கான படத்தைக் கன்ட்ரோலர் ஓடவிடாமல் விழுங்கிவிடும். அப்போதுதான் சாய்வாகப் போகிற ஒரு கோடு சட்டத்தைத் தாண்டியும் உடையாமல் நேராகப் போகும். ஜன்னல் கம்பி வழியாகப் பார்ப்பதுபோலத்தான்.

ஆனால் என்னை நிஜமாகவே மயக்கிப் போட்டது ஒரு கல்லூரிக் கலைவிழாச் சுவர். மேடையின் முழு அகலத்துக்கும் பட்டையாக ஒரு வால் கேட்டார்கள். அகலத்தில் 24 கேபினெட், உயரத்தில் வெறும் 4. நாற்பது அடிக்கு ஆறரை அடி. புள்ளிக் கணக்கில் 3,072க்கு 512. லேப்டாப்பிலிருந்து வருகிற எச்.டி.எம்.ஐ. சிக்னலோ 1,920க்கு 1,080. அகலம் பத்தவே பத்தாது. பையன்கள் படத்தைச் சுருக்கி அனுப்பிப் பெட்டியில் இழுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அப்படிச் செய்தால் எழுத்தெல்லாம் மங்கிப்போகும். அண்ணன் ஒரு காகிதத்தை எடுத்தார். சுவரில் மொத்தம் 15,72,864 புள்ளி. ஃபுல் எச்.டி. படத்தில் 20,73,600. இடம் தாராளமாக இருக்கிறது, வடிவம்தான் ஒத்துவரவில்லை. காகிதத்தில் நீளமாக ஒரு பட்டை கிழித்தார், அதை நடுவில் ரெண்டாக வெட்டினார், இடது பாதிக்கு அடியில் வலது பாதியை வைத்தார். 1,536க்கு 1,024. ஃபுல் எச்.டி.க்குள் கச்சிதமாக அடங்கிவிட்டது.

ரெசல்யூம் அரீனா மென்பொருளில் படத்தை அப்படியே ரெண்டு தட்டாக அடுக்கி அனுப்பினோம். லேப்டாப்பில் பார்த்தால் கோரம்: ஓடுகிற குதிரையின் தலை கீழ்த் தட்டில், வால் மேல் தட்டில். பெட்டிக்கு மட்டும் ரகசியம் தெரியும். மேல் தட்டு இடது 12 நெடுவரிசைக்கு, கீழ்த் தட்டு வலது 12 நெடுவரிசைக்கு. சுவரில் குதிரை நாற்பதடியையும் ஒரே மூச்சில் கடந்து ஓடியது. நடுவில் வெட்டுப்பட்ட இடம் எது என்று தெரிந்துவைத்திருந்த என் கண்ணுக்கே தடம் கிடைக்கவில்லை. முன்வரிசையில் பேராசிரியர்கள் கைதட்டினார்கள். குதிரைக்குத் தட்டினார்கள். நான் பெட்டிக்குத் தட்டினேன்.

இதற்கு நேர் எதிரான கொடுமையும் தினம் நடக்கிறது. சுவர் பட்டையாக இருக்கும், கேமரா படம் வழக்கமான பதினாறுக்கு ஒன்பதாக இருக்கும். ஆப்பரேட்டர் ஒரு பட்டனை அமுக்கிச் சுவர் முழுக்க இழுத்துவிட்டுப் பிரியாணி சாப்பிடப் போய்விடுவார். ஒல்லிப் பெண்ணெல்லாம் குண்டுப் பெண், மாப்பிள்ளைக்கு முகம் தட்டை. நாலு லட்சம் செலவழித்து மேக்கப் போட்டு மேடையேறிய குடும்பத்துக்கு இது நியாயமா? பெட்டியில் லேயர் என்று ஒன்று இருக்கிறது. கேமரா படத்தை அதன் அளவு கெடாமல் நடுவில் வைத்து, ரெண்டு பக்கமும் பூ வேலைப்பாடு ஓடுகிற பின்னணியை இன்னொரு லேயராகப் போட்டால் ராஜ களை. ரெண்டு நிமிட வேலை. அதைச் செய்யாத சோம்பேறித்தனத்தைப் பெட்டியின் தலையில் கட்டாதீர்கள். வெளிச்சமும் அப்படித்தான். மண்டபத்துக்குள் 100 சதவீதத்தில் வாலை எரியவிட்டால் மேடையில் நிற்கிறவர்கள் கேமராவில் கறுத்துப்போவார்கள். 25, 30 சதவீதம் போதும். குமிழைத் திருகினால் ஆயிற்று. போட்டோகிராஃபர் வந்து கையைப் பிடித்துக்கொள்வார்.

லேயர் வந்தால் டேக் வராமல் இருக்குமா? விலையேறிய பெட்டிகளில் ப்ரிவ்யூ என்று ஒரு திரை, ப்ரோகிராம் என்று ஒரு திரை. அடுத்து வரவேண்டியதை ப்ரிவ்யூவில் சாவகாசமாக அடுக்கலாம்: கேமரா ஒன்று இடது பக்கம், பாட்டு வரி கீழே, ஸ்பான்சர் லோகோ மூலையில். பார்வையாளருக்கு எதுவும் தெரியாது. பிறகு டேக் பட்டன். சுவர் கறுக்காமல், துள்ளாமல், பழையது கரைந்து புதியது எழும். வேறு வேறு இடத்திலிருந்து வருகிற சிக்னல்கள் ஒவ்வொன்றும் தன் தாளத்தில் வரும். அத்தனையையும் பெட்டி தன் நினைவகத்தில் வாங்கி நிறுத்தி, தன் தாளத்துக்கு மாற்றித்தான் வெளியே விடுகிறது. அதனால்தான் மாற்றும்போது சுவர் கண் சிமிட்டுவதில்லை. பெல்ஜியத்து பார்கோவின் இ2, பிரான்ஸின் அனலாக் வே பெட்டிகள் எல்லாம் இந்த வித்தையில் பெரிய வித்வான்கள். சென்னையில் ஒரு பெரிய ஆடியோ லாஞ்சில் இ2 ஓட்டுகிறவர் பின்னால் நின்று பார்த்தேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை. அவர் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேரம் என்று வந்தால் இன்னொரு ஆச்சரியம். கேமராவில் பாடகர் வாயசைப்பது சுவருக்கு வர மிக்ஸர், ப்ராசஸர், ரிசீவிங் கார்டு என்று ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் தாமதமாகும். எல்லாம் சேர்ந்து மூன்று படம் தாமதம் என்று வையுங்கள். நொடிக்கு 50 படம் என்றால் ஒரு படத்துக்கு 20 மில்லிசெகண்ட், மூன்றுக்கு 60. சவுண்டு என்ஜினியர் வந்து "வாய் பின்னாடி வருதே" என்று என்னை முறைப்பார். அவர் நிற்பது மேடைக்குப் பக்கத்தில். சத்தம் காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 60 மில்லிசெகண்டில் 20 மீட்டர். ஸ்பீக்கர் மேடையில் இருந்தால், 20 மீட்டர் தள்ளி நிற்கிற ரசிகனுக்குச் சத்தமும் அதே 60 மில்லிசெகண்ட் தாமதமாகத்தான் போய்ச் சேரும். அவனுக்கு வாயும் பாட்டும் துல்லியமாக ஒன்றுசேரும். முன்வரிசை விருந்தினர்கள் சுவரைப் பார்க்கவே போவதில்லை, பாடகரை நேரில் பார்ப்பார்கள். சுவர் யாருக்குத் தேவையோ அவர்களுக்குத்தான் சரியாக வாயசைக்கிறது. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை, அதனாலேயே எனக்கு இன்னும் பிடிக்கிறது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: கேமரா 50இல் ஓட, பெட்டி 60இல் ஓடினால், நகர்கிற எழுத்துகள் நொண்டும். பெட்டியையும் 50க்கு மாற்றிவிட்டால் வழுக்கிக்கொண்டு போகும். இந்தச் சின்ன விஷயத்துக்கு எத்தனை மேடைகளில் மெனக்கெட்டுச் சண்டை போட்டிருக்கிறேன்!

செல்போனில் வாலைப் படமெடுத்தால் கறுப்புக் கோடுகள் வருகிறதே என்று கேட்பார்கள். பல பேனல்களில் ஒரு கணத்தில் எரிவது பதினாறில் ஒரு வரிசைதான். அடுத்த கணம் அடுத்த வரிசை. அவ்வளவு வேகமாகச் சுற்றிவருவதால் கண் எல்லாம் எரிவதாக ஏமாறுகிறது, கேமரா ஏமாறுவதில்லை. நொடிக்கு 1,920 சுற்று என்பதை 3,840 ஆக ஏற்றினால் கேமராவும் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆக, நீங்கள் எந்த நொடியில் பார்த்தாலும் அந்தப் பிரம்மாண்டச் சுவரில் பெரும்பகுதி இருட்டாகத்தான் இருக்கிறது.

இனி ஒரு குடமுழுக்குக் கதை. காவிரிக் கரையோரம் ஒரு சிற்றூர். கோபுரம் தெரியாத தெருக்காரர்களுக்காக நாலு இடத்தில் வால். எங்கள் பங்குக்குக் குளத்தங்கரையில் இருபதுக்குப் பத்து ஒன்று. அண்ணன் வழக்கம்போல லூப் போடச் சொன்னார். 36 கேபினெட்டுக்கு ஒரு போர்ட் என்று ரெண்டு போர்ட்டில் வேலை முடிந்துவிடும். ஆனால் ஒவ்வொரு வரிசையின் கடைசி கேபினெட்டிலிருந்தும் இன்னொரு கேபிளை இழுத்துவந்து பெட்டியின் வேறு போர்ட்டில் செருக வேண்டும். கேபிள் ரெட்டிப்பு, வேலை ரெட்டிப்பு. வெயிலில் முணுமுணுத்துக்கொண்டே இழுத்தோம்.

கலசத்தில் நீர் விழுகிற நேரம். ஜனம் அத்தனையும் கையைத் தலைக்குமேல் கூப்பிக்கொண்டு ஒரே தள்ளாகத் தள்ளியது. சுவரைத் தாங்குகிற ட்ரஸ் சட்டத்துக்கு அடியில் யாரோ ஒருவர் கால் கேபிளில் மாட்டி இழுபட்டது. பெட்டியின் சின்னத் திரையில் முதல் போர்ட்டுக்குப் பக்கத்தில் நிறம் மாறியது. எனக்கு நெஞ்சு தொண்டைக்கு வந்துவிட்டது. நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். கோபுரம் அங்கேயே இருந்தது. நீர் வழிந்துகொண்டிருந்தது. ஒரு கேபினெட்கூட இமைக்கவில்லை. பத்தாவது கேபினெட்டுக்குப் பிறகு வழி அறுந்ததும், பதினொன்றிலிருந்து முப்பத்தாறு வரை இருந்தவை மறுமுனையிலிருந்து, தலைகீழ் வரிசையில் சேதி வாங்கிக்கொள்ளத் தொடங்கிவிட்டன. கூட்டத்தில் ஒரு பாட்டி சுவரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் கூட்டம் கலைந்த பிறகு போய், க்ளிப் ஒடிந்த அந்தக் கேபிள் முனையைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. முணுமுணுத்த எங்கள் மூன்று பேர் முன்னாலும் தனித்தனியாக நீட்டிக் காட்டினார்.

கட்டுப்பாட்டு அறைகளில் இருக்கிற சுவர்கள் வேறு ஜாதி. போக்குவரத்துக் கேமராக்கள், ரயில் பாதை, மின்கட்டம் என்று இருபத்துநாலு மணி நேரமும் ஓடுபவை. அங்கே அலங்காரம் கிடையாது. நூற்றுக்கணக்கான படங்களில் எது பெரிதாகத் தெரிய வேண்டும், எது மூலைக்குப் போக வேண்டும் என்பதுதான் கன்ட்ரோலரின் வேலை. முன்கூட்டியே அடுக்கிவைத்த அமைப்புகள் இருக்கும். வெள்ளம் வந்தால் ஒன்று, விபத்து என்றால் ஒன்று. ஒரு சொடுக்கில் சுவர் முழுக்க இடம் மாறும். எனக்கு அது கொஞ்சம் வறட்சியாகத்தான் தெரிகிறது. ஆனாலும் மரியாதை உண்டு. எங்கள் சுவர் அணைந்தால் மானம் போகும், அவர்கள் சுவர் அணைந்தால் ரயில் நிற்கும்.

கலைஞர்களும் இதில் விளையாடியிருக்கிறார்கள். கொரியாவில் பிறந்த நாம் ஜூன் பைக் 1988இல் குவாச்சோனில் உள்ள அருங்காட்சியகத்தில் 1,003 டி.வி.களைக் கோபுரமாக அடுக்கினார். 1995இல் செய்த இன்னொரு படைப்பில் 336 டி.வி.களை வைத்து அமெரிக்க வரைபடமே போட்டார். 51 வீடியோ ஓட்டங்கள். அதில் ஒன்று நேரடிக் கேமரா, பார்க்க வந்தவரின் முகத்தையே வாஷிங்டன் இருக்கிற இடத்தில் காட்டும். எங்கள் ரிசப்ஷன் வாலில் திடீரென்று தன் முகத்தைப் பார்த்ததும் பெரியப்பாக்கள் முடியைச் சரிசெய்வார்களே, அந்தச் சந்தோஷத்தை அவர் அப்போதே பிடித்துவிட்டார்.

இப்போது உலகத்தின் பெரிய தலை லாஸ் வேகஸில் இருக்கிறது. ஸ்பியர் என்கிற உருண்டை அரங்கம், 2023 செப்டம்பரில் யூ2 இசைக்குழுவின் கச்சேரியோடு திறந்தார்கள். உள்ளே தலைக்குமேல் கவிந்திருக்கிற திரை மட்டும் 1,60,000 சதுர அடி. அகலத்துக்கு 16 ஆயிரம், உயரத்துக்கு 16 ஆயிரம் புள்ளி என்கிற கணக்கு. வீடியோ பார்த்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அங்கே வேறு விதமான ஏற்பாடு என்று தெரியும். இருந்தாலும் எங்கள் கேட் சிக்ஸ் கணக்கில் போட்டுப் பார்த்தேன். 25 கோடியே 60 லட்சம் புள்ளி. போர்ட்டுக்கு ஆறரை லட்சம் என்றால் 394 போர்ட்.

எங்கள் கொட்டகைக்கு ஓடிப்போய் அண்ணனிடம் வீடியோவைக் காட்டி, கணக்கையும் சொன்னேன். கண்ணை விரித்து ஒருமுறை முழுசாகப் பார்த்தார். இன்னொரு முறை போடச் சொன்னார். தாடியைச் சொறிந்தார்.

"முன்னூத்தித் தொண்ணூத்தி நாலு கேபிளு. லூப்புக்கு இன்னொரு முன்னூத்தித் தொண்ணூத்தி நாலு. எல்லாஞ் சரிடா தம்பி, ஷோ முடிஞ்சு இத்தனையையும் யாரு சுத்துறது?"